குறைந்த புள்ளிக்குக் காரணம் எழுதுவது எப்படி? சேம்பரிங் இடம் தேடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

சட்டப் படிப்பை முடித்துவிட்டு, புள்ளிப் பட்டியலில் ஒன்றிரண்டு செமஸ்டர் மட்டும் பள்ளத்தில் கிடப்பதைச் சட்ட நிறுவனங்களுக்கு என்ன சொல்லி விளக்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவன். 2018-இல் சேம்பரிங் (வழக்கறிஞராகச் சேர்வதற்கு முன் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் செய்யும் பயிற்சி) கேட்டு 11 நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. அதே புள்ளிகளோடு, காரணத்தை எழுதிய முறையை மட்டும் மாற்றி அடுத்த 9 நிறுவனங்களுக்கு அனுப்பியபோது 3 இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. இடையில் நான் வீணாக்கிய நாட்களும் காசும் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. உங்களிடம் இருப்பது காரணம்தானா என்று முதலில் பாருங்கள்

நிறுவனம் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணத்துக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கும். அது உங்கள் கையை மீறியதாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் உங்கள் புள்ளிகள் வேறாக இருந்திருக்கும். குடும்பத்தில் மரணம், உங்களுக்கோ நீங்கள் கவனிக்க வேண்டியிருந்த ஒருவருக்கோ வந்த நோய், விபத்து, வெள்ளம், வீட்டின் ஒரே சம்பளம் நின்றுபோய் நீங்கள் வேலைக்கு ஓட நேர்ந்தது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின், தோட்டத்தில் இணைய வசதி இல்லாமல் கைப்பேசிக்கு லைன் தேடி மேட்டில் ஏறி நின்று தேர்வு எழுதியவர்களும் தயங்காமல் அதைச் சொல்லலாம்.

நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தது, அப்பா விடியற்காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனது, வீட்டில் படிக்க மேசை இல்லாதது ஆகிய எல்லாம் உண்மைதான். ஆனால் அவை நான்கு வருடமும் இருந்தவை. முதல் வருடத்தில் 4-க்கு 3.2 எடுக்கவிடாமல் தடுக்காத வறுமை, மூன்றாம் வருடத்தில் மட்டும் எப்படித் தடுத்தது என்று படிப்பவர் மனத்தில் கேள்வி எழும். அந்தப் பின்னணியை உங்களைப் பற்றிச் சொல்லும் பத்தியில் வையுங்கள். காரணம் சொல்லும் பத்தியில், அந்தக் காலத்தில் புதிதாக நடந்தது மட்டுமே இருக்கட்டும்.

விரிவுரையாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை, கேள்வித்தாள் கடினம், மன்ற வேலைகளில் மூழ்கிவிட்டேன் என்பவை காரணங்கள் ஆகா. படிக்காமல் விட்டதுதான் உண்மை என்றால் காரணப் பத்தியே வேண்டாம். உயர்ந்த புள்ளி எடுத்த பாடங்களையும் செய்த பயிற்சி வேலையையும் முன்னால் வைத்து விண்ணப்பத்தைக் கட்டுங்கள்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிக்கல் வந்த வாரத்திலேயே மருத்துவச் சான்றையோ மரணச் சான்றிதழையோ புலத்தின் அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் போடச் சொல்லுங்கள். சிறப்புத் தேர்வோ செமஸ்டரைத் தள்ளிவைப்பதோ கிடைக்காமல் போனாலும், நீங்கள் அன்றே சொன்னீர்கள் என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. நான் யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதன் விலையைப் பின்னால் கொடுத்தேன்.

2. புள்ளிப் பட்டியலையும் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

என்னுடைய எட்டு செமஸ்டர் புள்ளிகள் இவை: 3.21, 3.18, 3.24, 3.15, 2.05, 2.12, 3.34, 3.42. மொத்தச் சராசரி 2.96. பல பெரிய நிறுவனங்கள் முதல் சல்லடையாக வைத்திருக்கும் 3.00-க்கு ஒரு மயிரிழை கீழே. என் அப்பா தோட்டத்தில் குலை வெட்டுபவர். 2016 அக்டோபரில் வெட்டிய குலை தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்து, 2017 ஜூன் வரை அவர் வேலைக்குப் போகவில்லை. ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்கள் அந்தக் காலத்துக்குள் அப்படியே உட்காருகின்றன.

இதுபோல் ஒரு தாளில் இடப்பக்கம் செமஸ்டர் தேதிகளையும் வலப்பக்கம் நடந்தவற்றையும் எழுதுங்கள். பொருந்தாத இடம் இருந்தால் உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டும். மார்ச்சில் நடந்த மரணத்தை அதற்கு முந்தைய ஜனவரித் தேர்வுக்குக் காரணமாக எழுதியவரை எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பாட்டி நவம்பரிலிருந்தே படுக்கையில் இருந்தார். இவர் மரணத்தை மட்டும் எழுதி, நோயை எழுதாமல் விட்டுவிட்டார்.

அந்த இரண்டு செமஸ்டரை விலக்கிப் பார்த்தால் என் சராசரி 3.26. இப்படி ஒரு கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். கிரெடிட் நேரம் செமஸ்டருக்குச் செமஸ்டர் மாறினால் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆனால் தன்விவரக் குறிப்பில் பல்கலைக்கழகம் கொடுத்த எண் மட்டுமே இருக்க வேண்டும். நீங்களே கணக்கிட்ட எண்ணை அந்த இடத்தில் போட்டால் அது திரித்துக் கூறுவதாகும். கடிதத்தில், ‘அந்த இரண்டு செமஸ்டரை நீக்கினால்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் குறிப்பிடலாம்.

3. பத்திரங்களை விண்ணப்பத்துக்கு நான்கு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான்.

மருத்துவ அறிக்கை: அரசாங்க மருத்துவமனையில் இதற்கென்று பதிவுப் பிரிவு உண்டு. நோயாளியின் அடையாள அட்டைப் பிரதி, அவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம், விண்ணப்பப் பாரம் ஆகியவற்றைக் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். நான் கட்டியது 40 ரிங்கிட். கையில் அறிக்கை கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அப்பாவின் சம்மதக் கடிதம் இல்லாமல் போனதால் முதல் பயணம் வீண். வயது வந்த ஒருவரின் நோய் விவரத்தை, பெற்ற பிள்ளையாக இருந்தாலும், அவர் சம்மதமின்றிக் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த துண்டுச்சீட்டு வீட்டில் இருந்தால் பல வேளைகளில் அதுவே போதும். அதில் சேர்ந்த தேதியும் வெளிவந்த தேதியும் இருக்கும். சாமி மேடைக்குக் கீழே, மின்சாரக் கட்டணச் சீட்டுகளோடு ஒரு நெகிழிப் பைக்குள் எங்கள் வீட்டுச் சீட்டு கிடந்ததை, 40 ரிங்கிட் கட்டிய பிறகுதான் அம்மா எடுத்துக் கொடுத்தார்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கடிதங்கள்: வேலையிடத்து விபத்தாக இருந்தால் இதைவிட நல்ல சான்று இல்லை. முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும் என்பதால், தேதி அங்கேயே பதிவாகிவிடுகிறது. நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்புக்குத் தற்காலிக இயலாமை உதவித்தொகை கிடைக்கும். அதை ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று இருக்கும். அந்தத் தொகை கணக்கிடப்பட்ட தினக்கூலியில் 80 விழுக்காடு. வீட்டு வருமானம் குறைந்தது என்பதையும் அதே தாள் காட்டிவிடுகிறது.

மரணச் சான்றிதழ்: தேசிய பதிவிலாகா கொடுத்ததன் தெளிவான பிரதி போதும். தாத்தா பாட்டி என்றால், அவர்களை நீங்கள்தான் கவனித்தீர்கள் என்பதையோ அவர்கள் வளர்ப்பில் இருந்தீர்கள் என்பதையோ கடிதத்தில் ஒரு வரியில் சொல்ல வேண்டும். நமக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். கோலாலம்பூரில் உங்கள் கடிதத்தைப் படிப்பவருக்குத் தேவைப்படும்.

உறுதிப்படுத்திய பிரதிகள்: முதல் கட்டத்தில் யாரும் கேட்பதில்லை. இது தெரியாமல் மூன்று தாள்களை ‘கமிஷனர் ஃபார் ஓத்ஸ்’ என்று பலகை மாட்டிய அறையில் கொடுத்து, தாளுக்கு 4 ரிங்கிட் வீதம் 12 ரிங்கிட் கட்டினேன். அதோடு நிற்காமல், நடந்தவை அனைத்தும் உண்மை என்று ஒரு சத்தியப் பிரமாணத்தையும் 10 ரிங்கிட்டுக்குச் செய்துகொண்டேன். அதை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. பின்னாளில் அதைப் பார்த்து முதலில் சிரித்தவன் நான்தான். மலாய் மொழியில் உள்ள பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம். இங்குள்ள எந்த வழக்கறிஞரும் அவற்றைப் படிப்பார்.

கூடுதல் புள்ளிப் பட்டியல் 20 ரிங்கிட்டையும் சேர்த்து நான் மொத்தம் செலவழித்தது 82 ரிங்கிட், பஸ் காசு தனி. தேவையானவற்றுக்கு மட்டும் செலவழித்திருந்தால் 20 ரிங்கிட்டில் முடிந்திருக்கும்.

பிரதியைக் கொடுக்கும் நாள் வரும்போது, குடும்பத்தாரின் அடையாள அட்டை எண்ணை மறைத்துவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதியே தேவைப்பட்டால், அதன் குறுக்கே இரண்டு கோடு கிழித்து, இன்ன நிறுவனத்தின் விண்ணப்பத்துக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

4. உங்களை அறிந்த ஒருவரிடம் கடிதம் கேளுங்கள்

கல்வி ஆலோசகராக இருந்த விரிவுரையாளரே பொருத்தமானவர். அவருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். புள்ளிப் பட்டியலையும் தேதி எழுதிய தாளையும் சேர்த்தே அனுப்புங்கள். நடந்தது அவருக்கு அன்றே தெரிந்திருந்தால் கடிதம் கனமாக இருக்கும். என்னுடைய ஆலோசகருக்கு நான் சொல்லவேயில்லை என்பதால், ‘பிற்காலத்தில் எனக்குத் தெரியவந்தது’ என்றுதான் அவரால் எழுத முடிந்தது. நேர்மையான கடிதம்தான், ஆனால் அதன் பலம் பாதி. உங்களுக்கும் இதே நிலை என்றால், கடைசி வருடத்தில் நீங்கள் செய்த ஆய்வையோ மாதிரி வழக்காடலையோ பற்றி எழுதச் சொல்லுங்கள். மீண்டு எழுந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஊர்த் தலைவர், கோயில் செயலவை, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் ஆகியவற்றின் கடிதங்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உதவிப்பணம் கேட்கும் இடத்தில் அவை செல்லும், இங்கே செல்லாது.

5. ஐந்து வாக்கியத்தில் எழுதுங்கள்

என் முதல் கடிதத்தில் காரணம் மட்டும் ஒன்றரைப் பக்கம். தாத்தா எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்பதிலிருந்து தொடங்கியிருந்தேன். ஈப்போவில் வழக்கறிஞராக இருந்த, எங்கள் தோட்டத்திலிருந்து படித்துப் போன அக்கா ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் சிவப்புப் பேனாவால் முதல் பக்கம் முழுவதையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, “தேதி எங்க தம்பி? எந்தப் பேப்பர் போச்சுன்னு எங்க இருக்கு?” என்று கேட்டார். இரண்டும் கடிதத்தில் இல்லை. “நீ அழுததெல்லாம் இருக்கு, ஆனா கேஸ் இல்ல” என்றும் சொன்னார்.

வழக்கறிஞர்கள் எல்லாவற்றையும் ஒரு மனுவைப் படிப்பதுபோலப் படிக்கிறார்கள்: என்ன நடந்தது, எப்போது, அதன் விளைவு என்ன, ஆதாரம் உண்டா, இப்போது நிலைமை என்ன. இந்த வரிசையிலேயே எழுதுங்கள். நான் பின்னர் அனுப்பியதன் சாரம் இது. விண்ணப்பம் எந்த மொழியிலோ அந்த மொழியில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள்:

‘2016 அக்டோபரில் என் தந்தை வேலையிடத்து விபத்தில் காயமடைந்து, 2017 ஜூன் வரை வேலைக்குத் திரும்ப இயலவில்லை. மூத்த பிள்ளை என்ற முறையில் வார இறுதிகளில் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி அவரைக் கவனித்துக்கொண்டதோடு, கோலாலம்பூரில் இரவு நேர வேலையும் பார்த்தேன். அந்த ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் என் சராசரி முறையே 2.05, 2.12, மற்ற ஆறு செமஸ்டர்களில் 3.15-க்குக் கீழே இறங்கவில்லை. தந்தை வேலைக்குத் திரும்பியபின் வந்த இறுதி ஆண்டில் 3.34-உம் 3.42-உம் பெற்றேன். இதற்கான பத்திரங்கள் என்னிடம் உள்ளன, கேட்டால் அனுப்புகிறேன்.’

இதில் மன்னிப்பு இல்லை, கெஞ்சல் இல்லை, ‘தயவுகூர்ந்து கருணை காட்டுங்கள்’ என்ற வரியும் இல்லை. நம் ஊர் அலுவலகங்களில் மனு எழுதிப் பழகிய கைக்கு அந்த வரி தானாக வரும், கவனமாக இருங்கள். நோயின் விவரமும் அளவோடு போதும். உங்களுக்கே மனநலச் சிகிச்சை நடந்திருந்தால், இன்ன காலத்தில் மருத்துவச் சிகிச்சை பெற்றேன், இப்போது நலமாக இருக்கிறேன் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

ஒரு எச்சரிக்கை. மூன்று நாள் காய்ச்சலை மூன்று வாரமாக நீட்டும் ஆசை வரலாம். 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி நீங்கள் வழக்கறிஞராகச் சேர்க்கப்படுவதற்கு நன்னடத்தையும் ஒரு நிபந்தனை. நீங்கள் உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவை வழக்கறிஞர் மன்றம் ஆட்சேபிக்கவும் வழி உண்டு. அந்த மனுவில் உங்கள் சராசரியை யாரும் துருவப்போவதில்லை. ஆனால் பொய் ஆவணம் ஒன்று வெளிப்பட்டால், குறைந்த புள்ளி செய்ததைவிடப் பெரிய சேதத்தை அது செய்யும்.

6. எங்கே வைப்பது, எப்போது அனுப்புவது

தன்விவரக் குறிப்பில் காரணத்தை எழுதாதீர்கள். முகப்புக் கடிதத்தில், உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று இரண்டு பத்தி சொன்னபின், மூன்றாவதாக அது வரட்டும். பத்திரங்களை இணைக்காமல், இருக்கின்றன என்று மட்டும் சொல்லுங்கள். இணையப் பாரத்தில் தனிப் பெட்டி இருந்தால் அங்கே எழுதிவிட்டு, கடிதத்தில் அதை ஒரு வரியோடு விட்டுவிடுங்கள்.

கோலாலம்பூரின் பெரிய நிறுவனங்கள் பல மாதம் முன்கூட்டியே இடங்களை நிரப்பிவிடுகின்றன. கடைசி வருடத்தின் தொடக்கத்திலேயே அனுப்புவது நல்லது. மூன்றாம் வருட விடுமுறையில் ஒரு மாதம் பயிற்சிக்கு உள்ளே போய்விட்டால் உங்கள் வேலையை அவர்கள் பார்த்திருப்பார்கள். காரணப் பத்தியின் சுமை பாதி குறையும். ஈப்போ, தைப்பிங் போன்ற ஊர்களின் சிறிய அலுவலகங்கள் ஆள் தேவைப்படும்போது சில வாரங்களில் முடிவெடுக்கும். அங்கே சராசரியைவிட, நீதிமன்றத்துக்கு ஓட வாகன உரிமம் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டார்கள் என்பது என் அனுபவம். சேம்பரிங் ஒன்பது மாதம். உங்களுக்கு மாஸ்டராக (பயிற்சி தரும் வழக்கறிஞராக) இருப்பவர் ஏழு வருடமாவது தொழில் நடத்தியவராக இருக்க வேண்டும் என்பதால், சின்ன அலுவலகம் என்றால் அதை விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இங்கிலாந்தில் படித்து அங்குள்ள நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பல நிறுவனங்கள் இரண்டாம் வகுப்பு மேல்நிலையைக் கேட்கும். டிரெய்னிங் காண்ட்ராக்டுக்கு (அங்குள்ள நிறுவனங்களின் பயிற்சி ஒப்பந்தத்துக்கு) ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே ஆளெடுக்கும். பாரத்தில் இதற்கென்றே சொல் வரம்போடு ஒரு பெட்டி இருப்பது வழக்கம். அங்குள்ள பல்கலைக்கழகம் உங்கள் நிலையைத் தேர்வின்போதே ஏற்றுக்கொண்டதா, புள்ளியைத் திருத்தியதா என்பதையும் அதில் சொல்ல வேண்டும்; ஏற்கெனவே திருத்தப்பட்ட புள்ளிக்கு மீண்டும் சலுகை கேட்பதுபோல் அது தோன்றிவிடக்கூடாது.

7. நேர்காணலில் கேட்டால்

கேட்பார்கள். மூன்று வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் நீங்களும் போங்கள். அந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான் ஓர் இடத்தை நான் கெடுத்துக்கொண்டேன்.

என்னிடம் மூன்று இடத்திலும் தவறாமல் வந்த கேள்வி, ‘அந்த செமஸ்டரை ஏன் தள்ளிவைக்கவில்லை?’ என்பது. இதற்குத் தயாராகப் போங்கள். தள்ளிவைத்தால் அந்தக் காலத்துக்குக் கல்விக்கடன் பணம் வராது, விடுதி அறையும் போய்விடும், வீட்டில் வருமானம் இல்லாத நேரத்தில் படிப்பை ஒருமுறை விட்டால் திரும்ப முடியுமா என்று பயந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன். அது சரியான முடிவுதானா என்று ஒருவர் மடக்கினார். இன்றைக்கு என்றால் முதலில் ஆலோசகரிடம் போயிருப்பேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். நான் சேம்பரிங் செய்தது அந்த அலுவலகத்தில்தான்.

மீண்டும் அப்படி ஒரு நெருக்கடி வந்தால் வேலை என்னாகும் என்பது, வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அவர்கள் மனத்தில் இருக்கும். வீட்டு நிலைமை இப்போது எப்படி என்று ஒரு வாக்கியம் வைத்திருங்கள்: தம்பி வேலைக்குப் போகிறான், அப்பா இலகுவான வேலைக்கு மாறிவிட்டார் என்பதுபோல.

நேர்காணலுக்குப் போகும்போது பத்திரங்களின் ஒரு தொகுதிப் பிரதியைக் கோப்பில் கொண்டுபோங்கள். கேட்டால் மட்டும் எடுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதில் காரணத்தை மறுபடி எழுத வேண்டாம். நேர்காணல் நடந்த தேதியும் உங்கள் தொலைபேசி எண்ணும் போதும்.